நடுப்பலகை

மெருகக்காவின் கைகளைப் புதிதாகப் பார்ப்பவர்கள், கழுவிவிட்டு வரச் சொல்வார்கள். மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அப்படி மூன்று முறை அனுப்பினாள். மூன்றாம் முறையும் விரல் நுனிகள் அதே வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் திரும்பி வந்தன. நர்ஸ் தானே பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பஞ்சுதான் நைந்தது. "இது அழுக்கு இல்லம்மா, இருபது வருஷச் சம்பாத்தியம்" என்றாள் மெருகக்கா. கட்டிலில் கிடந்த கணவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தே சிரித்தார்.

மரக்கடைகளும் அறுவை மில்லும் தோளோடு தோள் உரசி நின்ற நீளத் தெரு அவர்களுடையது. கீழே பட்டறை, மேலே வீடு. அந்தத் தெருவில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. மில்லில் காது மந்தமானவர் ரேடியோ. பலகைக்கு மெருகு போடுகிறவள் மெருகக்கா. கறுப்புக் கயிற்றில் சின்ன பூதக்கண்ணாடி ஒன்றைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி திரிந்த அவள் கணவர் லென்சு. இருவருடைய உண்மைப் பெயர்களும் மின்கட்டண ரசீதில் மட்டும் பத்திரமாக இருந்தன.

லென்சு தச்சர். மேசை, அலமாரி எல்லாம் செய்வார். ஆனால் தெரு அவரைத் தேடி வந்தது வேறு காரியத்துக்கு. 'இது என்ன மரம்?' என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் துண்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடி வருவார்கள். அதிலும் வால்நட் என்றால் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அக்ரூட் பருப்பு காய்க்கிற மரம் அது. கப்பலில் ஏறி எங்கிருந்தோ வரும். விலை அதிகம், அதனால் போலிகளும் அதிகம். சாதா மரத்துக்குச் சாயம் பூசி வால்நட் என்று தலையில் கட்டிவிடுவார்கள்.

அவர் அவசரப்பட மாட்டார். முதலில் பலகையை இரு கையிலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையை எடை பார்ப்பதுபோலக் கொஞ்சம் தூக்கி இறக்குவார். வால்நட் பார்வைக்குக் கனம், கைக்கு மிதம். பிறகு முனையில் உளியால் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்து, வெட்டுமுகத்தில் தண்ணீர் தொட்டு, லென்சைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் துளைகள் பெரிதாகத் தொடங்கி, வரவரச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். "கூட்டுக் குடும்பம் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி. பெரியவங்க முன்னாடி, பொடிசுங்க பின்னாடி. நடுவுல சண்டை போட்டுப் பிரிஞ்ச இடமே தெரியக் கூடாது" என்பார். கடைசியாகச் சீவலை மூக்கருகே கொண்டுபோவார். லேசான கசப்பும், மழையில் நனைந்த தோல் பையின் வாசனையும் வர வேண்டும். வந்தால் தலையை ஒரு முறை அசைப்பார். அவ்வளவுதான் சான்றிதழ்.

இன்னொன்றும் சொல்வார். மற்ற மரமெல்லாம் வயதாக ஆகக் கறுக்கும். வால்நட் மட்டும் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துக்கொண்டே போகும். இன்று சாக்லேட் நிறத்தில் இருப்பது பத்துப் பதினைந்து வருஷத்தில் தேன் நிறத்துக்கு வந்துவிடும். "இது மட்டும்தான் பின்னோக்கி வயசாகுது" என்று, ஏதோ சொந்தக்காரப் பையன் பரீட்சையில் தேறியதுபோலப் பெருமையாகச் சொல்வார்.

அவளை அவர் முதலில் பார்த்ததும் ஒரு போலி வால்நட்டின் மேல்தான். அப்போது அவள் ஒரு பெயிண்ட் கடையில் சாயம் கலக்கும் வேலையில் இருந்தாள். கடையின் முன் மேசைக்கு அவளே சாயம் ஏற்றி, அரக்கு மெருகு போட்டிருந்தாள். வருகிறவர் போகிறவரெல்லாம் 'வால்நட்டா?' என்று கேட்டுத் தடவிவிட்டுப் போவார்கள். அரக்கு வாங்க வந்த ஒல்லியான ஆள் அதன் மேல் கையை ஊன்றினார், குனிந்தார், நிமிர்ந்தார். "வேலை நல்லாருக்கு. மரம்தான் வால்நட் இல்ல" என்றார். அவளுக்கு உள்ளங்கால் முதல் எரிந்தது. இந்த ஆளை ஒரு நாளாவது ஏமாற்றிவிட வேண்டும் என்ற வைராக்கியத்தில்தான் கட்டிக்கொண்டேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்வாள். அதில் பாதி பொய்கூட இல்லை.

அந்த வைராக்கியம் அவர்கள் வீட்டு விளையாட்டானது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை அவள் ஏதாவது ஒரு மட்ட மரத்தை வால்நட்டாக அலங்கரித்து, அவருடைய பலகை அடுக்கில் சத்தமில்லாமல் செருகி வைப்பாள். அவர் கண்டுபிடித்துவிடுவார். மறுநாள் காலையில் அந்தப் பலகை அவளுடைய மெருகு மேசை மேல் மல்லாந்து கிடக்கும். அந்த வாரம் முழுதும் டீ போடுவது அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷம் அவள்தான் டீ போட்டாள். பிள்ளை இல்லாத வீடு. இந்த ஒளித்துவைக்கும் விளையாட்டு அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

கடைசியாகச் செய்த போலிக்கு அவளுக்குப் பதினொரு நாள் பிடித்தது. பீச் மரம். வெளிறிய, கனமான மரம். உடம்பெல்லாம் எள் தூவியதுபோல் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிகளை முதலில் கொன்றாள். பிறகு அக்ரூட் காயின் காய்ந்த மேல்தோலை வேகவைத்து இறக்கிய சாற்றை ஆறு முறை ஊட்டினாள். வால்நட்டின் நிறத்தை வால்நட்டிடமிருந்தே கடன் வாங்கினால் அவர் எதைப் பிடிப்பார்? அதன் மேல், மூன்று மயிர் மட்டும் விட்டுக் கத்தரித்த தூரிகையால், துளைக்கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். கிட்டத்தட்ட ஒரு ஆள் நீளப் பலகை. எத்தனை கோடு என்று எண்ணவில்லை. சில சாயங்காலங்களில் கோடு தானாக வந்து தூரிகையின் கீழ் படுத்துக்கொள்வதுபோல இருந்தது. ஒரு மரம் உள்ளுக்குள் எப்படி வளர்ந்திருக்கும் என்று கண்ணை மூடினாலும் தெரிந்தது. முடித்ததும் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்து, ஜன்னலோரம் புதிதாக வந்திறங்கியிருந்த ஐந்து வால்நட் பலகைகளோடு ஆறாவதாகச் சாய்த்து வைத்தாள்.

அடுத்த வாரம் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு விளையாட்டை யார் நினைத்தார்கள்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக ஐந்து மாதம் போனது. மருந்து அவருடைய நாக்கைத் தின்றது, மூக்கைத் தின்றது, கண்ணில் ஒரு மெல்லிய பாலாடையைப் போட்டது. ஒரு மத்தியானம், கட்டிலில் படுத்தபடியே, தான் கண்ட கனவு ஒன்றை அவளிடம் சொன்னார். பெரிய காடு. எல்லாம் உயிரோடு நிற்கிற மரங்கள். அவர் நடந்துகொண்டே இருக்கிறார். ஒரு மரத்தைக்கூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "எல்லாம் பட்டையோட நிக்குது. நான் எப்பவும் உள்ளதானே பாத்திருக்கேன். இலையப் பாத்து எனக்கு என்ன தெரியும்? வால்நட் எது, வேம்பு எதுன்னு தெரியாம வெக்கமாப் போச்சு" என்றார். "யார்கிட்டயாவது கேக்க வேண்டியதுதானே?" என்றாள் அவள். "கேட்டேன். லென்சுக்கே தெரியலையான்னு சிரிச்சுட்டுப் போறாங்க." அவளும் சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

இடையில் ஒரு மாதம் உடம்பு தேறியதுபோல் போக்குக் காட்டியது. அந்த மாதத்தில்தான் அவர் ஒரு பழைய சொல்லைக் காப்பாற்ற எழுந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் அம்மா ஒருவர், தன் வீட்டு மாடியில் ஜன்னலோரம் போட நீளமான வாசிப்பு மேசை கேட்டிருந்தார். ஐந்து பலகை சேர்த்து ஒட்டிய மேற்பரப்பு, முழுதும் அசல் வால்நட். லென்சு அதற்கு வாக்குக் கொடுத்திருந்தார். மெருகக்கா மருந்து வாங்கப் போயிருந்த ஒரு முற்பகலில், மில்லில் வேலை பார்க்கும் தன் தம்பியை வைத்துக்கொண்டு அவர் அதை ஒட்டி முடித்தார். அவள் திரும்பியபோது முறுக்கி இறுக்கும் இரும்புக் கிளாம்ப்புகளுக்கு நடுவே பலகைகள் இறுகிக் கிடந்தன. அவர் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை, முகத்தில் பழைய களை. அவருடைய கடைசி வேலை அதுதான்.

அவர் போய் எட்டு மாதம் அந்த மேற்பரப்பு துணிக்குக் கீழே கிடந்தது. துணி உலரப் போட இறங்குவதைத் தவிர அவள் மாடியிலேயே இருந்தாள். கீழே மில் ரம்பம் பாடுவதும் நிற்பதும் கேட்கும். மத்தியான வெயில் சமையலறைத் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விரிந்து, மெல்ல நகர்ந்து, சுவரேறிப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சில நாள் அவர் கீழேயே வேலையாக இருப்பதுபோலவும், கூப்பிட்டால் வந்துவிடுவார்போலவும் இருக்கும். கூப்பிட மாட்டாள், கூப்பிட்டு வராமல் போய்விட்டால் என்ன செய்வது.

ஒன்பதாம் மாதம் நூலகர் அம்மா போன் செய்தார். மேசையை அவசரப்படுத்தவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அதுவே அவளை வேலைக்குக் கீழே இறக்கிவிட்டது.

துணியை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். மெருகு போடும் முன் வழக்கம்போல் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தாள். நீர் பட்டால் மரத்தின் நுண்ணிய நார்கள் மயிர்போல எழும். உலர்ந்ததும் தேய்த்துவிட்டு மெருகைத் தொடங்கலாம். வால்நட் தண்ணீரைக் குடித்துக் கறுப்பதைப் பார்ப்பது அவளுக்கு எப்போதும் பிடிக்கும். முதல் பலகை குடித்தது. இரண்டாவது குடித்தது. நான்காவதும் ஐந்தாவதும் குடித்தன. நடுவில் கிடந்த பலகையின் மேல் மட்டும் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். துளைக்கோடுகள் வரிவரியாக இருந்தன. அழகாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும்.

ஜன்னலோரம் திரும்பினாள். அங்கே ஒற்றைப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. மிஞ்சியது தன் போலிதான் என்ற நினைப்பில், எட்டு மாதமாக அவள் மேலிருந்து துவைத்துக் கொண்டுவரும் துணிகளை அதன் மேல்தான் உலரப் போட்டிருந்தாள். அதை எடுத்து முனையைச் சீவினாள். வாசனை வந்தது. கசப்பு, நனைந்த தோல் பை. அது அசல், ஐந்து அசலில் ஒன்று. வெயில் பட்ட பக்கம் ஏற்கெனவே லேசாக வெளுத்திருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, டீ போட்டுக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில்.

கொழுந்தன் மில்லிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். அண்ணன் போன பிறகு தினமும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். ஈரம் உலராத மேற்பரப்பைப் பார்த்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த நிற்பிலேயே அவளுக்குப் புரிந்தது. ஒட்டுவதற்கு முன் பலகைகளின் விளிம்பை இழைத்தாக வேண்டும். இழைத்தால் பீச் வெள்ளையாகச் சுருளும். இழைத்தது இவர்தான்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா தம்பி?"

அவர் மறைக்கவில்லை. அன்றைக்கு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆறு பலகையையும் பார்த்தாராம். தூக்கத் தெம்பில்லை, வாசனை கிடையாது. முனையைச் சீவ உளியை எடுத்தவர், கை நடுங்கியதும் தம்பி பார்த்துவிடுவானோ என்று திரும்ப வைத்துவிட்டார். நிறத்தை மட்டும் வைத்து ஐந்தைப் பொறுக்கினார். ஓரத்தில் வெளிறு, பட்டையோரத்து வெள்ளை மரம், ஓடிய ஒன்றைக் காட்டி, 'இது சந்தேகமா இருக்கு, தள்ளி வை' என்றார். அதுதான் ஜன்னலோரம் நின்ற அசல். நடுப்பலகையை மில்லில் ஓட்டியதும் வெள்ளைச் சுருள் கொட்டியது. கொழுந்தன் திரும்பி வந்து, சாடையாக, அஞ்சையும் பாத்துட்டியாண்ணே என்று கேட்டிருக்கிறார்.

"பாத்துட்டேன்டா, அஞ்சும் அசல்னு சொன்னாரு அண்ணி. சொல்லிட்டு என் முகத்தப் பாத்தாரு. அந்த முகத்துகிட்டப் போய் நான் என்னத்தச் சொல்ல? வெள்ளையா இருந்த ஓரத்துல உங்க சாயத்தத் தொட்டுத் தேச்சுட்டு, பசையைப் போட்டேன். கிளாம்ப்பை நான் முறுக்குறேன்னேன், விடல. அரைச் சுத்து சுத்துவாரு, மூச்சு வாங்குவாரு. மறுபடி அரைச் சுத்து. ஒரு மணி நேரம் ஆச்சு."

இருவரும் மேசையின் இரு பக்கமும் நின்றார்கள். அவள் போலி செய்தாள்; அவர் அசல் என்றார்; இவர் வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் ஆளுக்கொரு கை கொடுத்து இந்தத் தப்பை ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்குக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை.

கொழுந்தன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்படியே மெருகு போட்டுக் கொடுத்துவிடலாம். அண்ணனையே ஏமாற்றிய பலகை, வேறு யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? பிரித்தால் அண்ணனின் கடைசி ஒட்டு போய்விடும். விஷயமும் வெளியே போகும். "நாளைக்குத் தெருவுல என்ன பேசுவாங்க? கடைசியில லென்சுக்கே கண்ணு போச்சும்பாங்க."

"கண்ணு போகல தம்பி. நான் கெட்டிக்காரி ஆயிட்டேன்" என்றாள் அவள். சிரிக்கத்தான் சொன்னாள், இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குத் தெரிந்த ஒன்று கொழுந்தனுக்கும் தெரியும். வெளிச்சம் விடாது. நான்கு பலகைகள் வருஷா வருஷம் தேனை நோக்கி வெளுத்துக்கொண்டே போகும். நடுவில் அவள் வரைந்தது மட்டும் சாயம் செத்து, சேற்று நிறத்தில் தனியே நிற்கும். தலையில் வகிடு எடுத்ததுபோல ஒரு கோடு, மேசையின் நடுவே. அன்றைக்கு அதைப் பார்க்கிறவர்கள், செய்தவன் ஏமாற்றுக்காரன் என்பார்கள். தப்பாகப் பார்த்தான் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பிரிப்பது என்றால் ரம்பம் வைக்க வேண்டும். அரைச் சுற்று, மூச்சு, அரைச் சுற்று என்று அவர் இறுக்கிய இடத்தில். அவருடைய சொல்லைக் காப்பாற்ற அவருடைய கைவேலையை அறுக்க வேண்டும். கைவேலையைக் காப்பாற்றினால் சொல் போய்விடும். நான்கு நாள் அவள் அந்த மேற்பரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான்காம் நாள், ஜன்னலோரச் சுவரில் சாய்ந்தபடியே கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தாள்போல. யாரோ அருகில் பலகையைத் தூக்கி இறக்குவதுபோல ஒரு மூச்சுச் சத்தம். விழித்துப் பார்த்தால் ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளமாகக் கிடந்தது. அன்று சாயங்காலம் நூலகர் அம்மாவை வரச் சொன்னாள்.

அந்த அம்மா குட்டையானவர். எதையும், அலமாரிப் புத்தகத்தைப்போல, முதுகைப் பார்த்தே முகத்தைத் தெரிந்துகொள்ளும் பழக்கம். மேசைக்கும் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். மெருகக்கா நடந்ததைச் சொன்னாள். தன் விளையாட்டை, பதினொரு நாள் வேலையை, ஐந்து மாத மருந்தை. தப்பு என்னுடையது என்று முடித்துவிடத்தான் நினைத்திருந்தாள். முடிக்கும்போது அது போதாது என்று தோன்றியது.

"அவர் பாத்தாரும்மா. அசல்னு சொன்னாரு. தப்பா சொல்லிட்டாரு."

அந்த வாக்கியம் அந்தப் பட்டறையில் அதற்குமுன் யாரும் சொல்லாதது. சுவர் இடிந்துவிடும் என்று எதிர்பார்த்தவள்போல் நின்றாள். பக்கத்து மில்லில் ரம்பம் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ மந்தக் காது ரேடியோவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துக்கொண்டிருந்தார்கள்.

நூலகர் அம்மா நடுப்பலகையின் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு இதுவே ரொம்ப அழகா இருக்கு. இப்படியே குடுத்தாலும் வாங்கிப்பேன். நீங்க சொல்ற பத்து வருஷம் கழிச்சு நான் இருப்பேனோ என்னவோ."

"மேசை இருக்கும்மா" என்றாள் மெருகக்கா.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். காத்திருக்கிறேன் என்றார். எவ்வளவு நாள் ஆனாலும் சரி, போன் பண்ணித் தொந்தரவு செய்ய மாட்டேன், ஆனால் நடுநடுவே நலம் விசாரிக்கப் போன் பண்ணுவேன், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கொழுந்தன் வந்தார், விஷயத்தைக் கேட்டார், கையை விரித்தார். "அண்ணன் முறுக்கின ஒட்டுல ரம்பம் வைக்க எனக்குக் கை வராது அண்ணி. கோவிச்சுக்காதீங்க." அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் தேய்த்திருக்கிறாள், பூசியிருக்கிறாள்; அறுத்ததில்லை. அவருடைய கைரம்பத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். பிடி அவர் உள்ளங்கைக்குப் பழகியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெரிது.

இரு முனைகளையும் சீவியதும், கறுப்பு ரொட்டிக்குள் வைத்த வெண்ணெய்போல பீச்சின் வெளிறிய வெட்டுமுகம் தெரிந்தது. அதன் எல்லையைப் பிடித்து இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நூல் கட்டினாள். ரம்பத்தைப் பீச்சின் பக்கமே ஒட்டி ஓட்டினாள். வால்நட் ஒரு மயிரிழைகூடப் போகக் கூடாது. முதல் இழுப்பில் ரம்பம் கத்தியது. பத்தாவது இழுப்பில் கை ஒரு தாளத்துக்கு வந்தது. நாலு இழுப்பு, ஒரு மூச்சு. நாலு இழுப்பு, ஒரு மூச்சு. அவர் அரைச் சுற்றுக்கு ஒருமுறை நின்ற இடங்களிலெல்லாம் தானும் நின்று போவதாக அவளுக்குத் தோன்றியது. வெள்ளைத் தூள் செருப்பின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. வெயில் தரையில் ஒரு முழம் நகர்ந்தது. முதல் வெட்டு முடிந்தபோது தோள் மரத்திருந்தது.

இரண்டாவது வெட்டின் பாதியில் ரம்பம் திடீரென்று இலகுவானது. நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தன் மறுமுனையில் குந்தி, தொங்கத் தொடங்கியிருந்த பலகையை இரு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

பலகை கழன்று அவள் கைக்கு வந்தது. கனத்தது. அப்படிக் கனத்தது. அவள் அதை ஒருமுறை தூக்கி இறக்கினாள், கொழுந்தனிடம் நீட்டினாள். அவரும் தூக்கி இறக்கினார்.

"தூக்கிப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாரு" என்றாள்.

"சொல்லியிருப்பாரு."

"தெம்பு இல்ல. அவ்வளவுதான் தம்பி. வேற ஒண்ணுமில்ல."

கொழுந்தன் முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவள் மேசையைப் பார்த்தாள். அது இப்போது இரண்டு பாதியாகக் கிடந்தது. ஒரு பாதியில் இரண்டு பலகை, மறு பாதியில் இரண்டு. அதாவது, நான்கு ஒட்டுகளில் இரண்டுதான் போயின. மற்ற இரண்டும், அவர் முறுக்கியது முறுக்கியபடி, பாதிகளுக்குள்ளே பத்திரமாக இருந்தன. நான்கு நாள் சுற்றிச் சுற்றி வந்தும் இந்தச் சின்னக் கணக்கு அவளுக்கு உறைக்கவே இல்லை.

மிச்சமிருந்த பீச்சை வால்நட் தெரியும் வரை இழைத்தெடுத்தார்கள். ஜன்னலோரத்துப் பலகையின் வெளிறை மில்லில் கழித்து, அகலம் பார்த்து நடுவில் வைத்தார்கள். பசையை அவள் போட்டாள். கிளாம்ப்பைக் கொழுந்தன் முறுக்கப் போனார். பிறகு நின்று அவளைப் பார்த்தார். அவள் போய் முறுக்கினாள். அதன் பிறகு மெருகுக்கு மூன்று வாரம். பழைய துணி உருண்டையை அரக்கில் தோய்த்து, எட்டு எண்ணைப் போடுவதுபோலச் சுழற்றிச் சுழற்றி, ஆழம் வரும் வரை. நடுப்பலகை வெயிலில் இருந்ததால் மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தது. அவள் சாயம் தொடவில்லை. மற்றவையும் அந்த வழியில்தான் வந்துகொண்டிருக்கின்றன. கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்துகொள்ளும்.

நூலகர் அம்மாவின் மாடியறையில் மூன்று ஜன்னல்கள். மில் ஆட்கள் மேசையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். முதல் ஒரு வருஷத்துக்கு மேசை விரிப்பு கூடாது, விளக்கையோ புத்தக அடுக்கையோ ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, வெளிச்சம் எல்லா இடத்துக்கும் ஒரேமாதிரி போய்ச் சேர வேண்டும் என்று மெருகக்கா சொல்லிக் கொடுத்தாள். புத்தகத்தை மாற்றி மாற்றி வைப்பது தனக்கு முப்பது வருஷப் பழக்கம் என்றார் அந்த அம்மா. பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுல உங்க வீட்டுக்காரர் ஒட்டினது எது, நீங்க ஒட்டினது எது? எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மெருகக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். "இது என்னுது" என்றாள். இன்னும் ஒரு சாண் தள்ளி, "இதுவும்." மயிரிழை உயரம் விரலில் தட்டியது, மூன்று வாரம் தேய்த்தும் அது போகவில்லை. பிறகு அவருடையதைக் காட்ட விளிம்புக்குப் போய், அங்கிருந்து உள்ளே விரலை நகர்த்தினாள். ஒன்றும் தட்டவில்லை. இன்னும் மெதுவாக நகர்த்தினாள். ஒரே மரமாக ஓடியது. கன்னத்தைப் பலகையோடு ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்வாகப் பார்த்தாள். கோடுகள் ஆறுபோல வளைந்து போயின. ஒட்டு எங்கே என்று தெரியவில்லை.

"இங்கதான் எங்கயோ இருக்கு" என்றாள்.

நூலகர் அம்மா நாற்காலி ஒன்றை இழுத்து அவள் பின்னால் போட்டார். அவசரமில்லை, உட்கார்ந்தே தேடுங்கள் என்றார். மெருகக்கா உட்கார்ந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.